பொங்கலன்று சேப்பாக்கத்தில் கிரேம் ஃபௌலர்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருவல்லிக்கேணி கேலரி:

1985 ஜனவரியில் இங்கிலாந்தோடு நடந்த டெஸ்ட்டை நேரில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அந்த மேட்ச் என்றாலே எல்லோரும் கேட்டிங் 207, நீல் ஃபாஸ்டர் 11 விக்கெட், அசாருதீனின் இரண்டாவது சதம் என்று பேசுகிறார்கள். கேட்டிங்குக்கு முன்னால் 200-ஐத் தொட்டவர் கிரேம் ஃபௌலர். இந்தியாவில் டெஸ்ட் இரட்டைச் சதம் அடித்த முதல் ஆங்கிலேயர் அவர்தான். அதை நம் ஊரில் அடித்தார். அவருக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. முதல் நாள் இந்தியா 272-க்குச் சுருண்டது. மறுநாள் பொங்கல். வீட்டில் பானை பொங்கியதும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மாமாவோடு மைதானத்துக்கு ஓடினேன். சாயங்காலம் வரைக்கும் ஃபௌலர் அவுட்டாகவே இல்லை. ஒல்லியான இடது கை ஆட்டக்காரர். கவர் டிரைவ் பிரமாதமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அழகு பார்த்து ஆடுகிற ஆளே இல்லை. ஆனால் தவறான பந்து வந்தால் விடமாட்டார், நல்ல பந்து வந்தால் கவலைப்பட மாட்டார். ராபின்சனோடு முதல் விக்கெட்டுக்கு 178, கேட்டிங்கோடு அடுத்த விக்கெட்டுக்கு 241. ஒன்பது மணி நேரத்துக்கும் மேலே நின்று, மறுநாள் 201-ல் கபில்தேவ் பந்தில் கிர்மானியிடம் கேட்ச். கேலரி முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நம் பௌலர்களை இப்படி அடித்தவருக்கு இவ்வளவு கைதட்டலா என்று நான் கேட்க, "ஆட்டம் தெரிஞ்ச ஊருடா இது" என்றார் மாமா.

அந்தச் சுற்றுப்பயணம் எப்படித் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அணி டெல்லிக்கு வந்து இறங்கிய கையோடு இந்திரா காந்தி படுகொலை. சில நாள் இலங்கைக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். பம்பாய் டெஸ்ட்டுக்கு முதல் நாள், அணிக்கு விருந்து கொடுத்த பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நோரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டெஸ்ட்டில் நம்ம லெக் ஸ்பின்னர் சிவராமகிருஷ்ணன் 12 விக்கெட் எடுத்து அவர்களைத் தோற்கடித்தார். அந்த நிலையிலிருந்து மீண்டு, டெல்லியிலும் சென்னையிலும் ஜெயித்துத் தொடரை 2-1 என்று கொண்டுபோனார்கள்.

அடுத்து கான்பூர். ஃபௌலர் 69 அடித்தார். அதோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கையே முடிந்துவிட்டது. மொத்தம் 21 டெஸ்ட், 1307 ரன். எனக்கு இன்று வரைக்கும் மனசு ஆறவில்லை.

பழைய ரேடியோ:

நான் நேரில் பார்க்கவில்லை, சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டவன். மனசு ஆறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் காரணத்தையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குத் தடையை மீறிப் போன, இங்கிலாந்துத் தொடக்க ஆட்டக்காரர் கூச் உள்ளிட்டவர்களுக்கு 1982-ல் மூன்று வருடத் தடை விதித்தார்கள். அந்தக் காலியிடத்தில்தான் ஃபௌலருக்கு வாய்ப்பே வந்தது. 1985 கோடையில் தடை முடிந்து கூச் திரும்பினார். ராபின்சன் நல்ல ஃபார்மில் இருந்தார். ஃபௌலருக்கோ கழுத்துக் காயம், உள்நாட்டுக் கவுண்ட்டி ஆட்டங்களிலும் ரன் வரவில்லை. யாரும் அவரைச் சதி செய்து வெளியேற்றவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

கேலரி சார், ஒரு கேள்வி. பம்பாயில் மிரட்டிய சிவாவைச் சொந்த ஊரில் எப்படிச் சமாளித்தார்கள்?

லங்காஷயர் டாக்டர்:

நான் பார்த்த ஃபௌலர் சென்னைக்கு முந்தையவர். 80-களின் தொடக்கத்தில் லங்காஷயரில் மருத்துவமனை வேலையில் இருந்தேன். அவர் அக்ரிங்டன்காரர், அந்தப் பக்கத்து மக்களுக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. 1982 ஜூலையில் சவுத்போர்ட்டில் வார்விக்‌ஷயரோடு ஒரு மேட்ச். காளிச்சரண், ஹம்பேஜ் இரண்டு பேரும் இரட்டைச் சதம், கூட்டு 470 ரன்! வார்விக்‌ஷயர் 523-க்கு டிக்ளேர் செய்தது. ஃபீல்டிங்கில் ஃபௌலர் காலில் காயம். நடக்கவே சிரமப்பட்டவர், தனக்காக ஓட ஒரு ரன்னரை வைத்துக்கொண்டு முதல் இன்னிங்ஸில் 126, இரண்டாவதில் அவுட்டாகாமல் 128. லங்காஷயர் பத்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. சதம் வந்ததும், ஓடின ரன்னரே மட்டையைத் தூக்கிக் காட்டினார், மைதானமே சிரித்தது. நானும் எழுந்து நின்று கத்தினேன். அடுத்த மாதமே ஹெடிங்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக அவருக்கு முதல் டெஸ்ட், இரண்டாம் இன்னிங்ஸில் 86.

இன்னொன்றும் சேர்க்கணும். 1984 லார்ட்ஸில் வெஸ்ட் இண்டீஸின் மார்ஷல், கார்னர் போட்ட பந்துகளை எதிர்கொண்டு 106 அடித்தார். அந்தத் தொடரை இங்கிலாந்து 5-0 என்று தோற்றது. அந்த வேகத்துக்கு எதிரே தொடக்க ஆட்டக்காரராக நின்று சதம் அடிப்பது லேசுப்பட்ட காரியமா? ஸ்பின் ஊரில் 201, வேகத்துக்கு எதிராக 106. சராசரி 35 என்ற எண்ணை வைத்து அவரை எடைபோடுகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

டர்ஹம் மாணவி:

கிரிக்கெட் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. மேற்படிப்புக்கு டர்ஹம் போனபோது, பல்கலைக்கழக மைதானத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரைக் காட்டி ஒரு தோழி பெயரைச் சொன்னாள். உடனே அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். அவருக்கும் அதே பொங்கல் மேட்ச்தான் ஞாபகம்!

விளையாட்டை நிறுத்திய பிறகு 1996-ல் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சி மையத்தை ஃபௌலர் தொடங்கினார். படிப்பா கிரிக்கெட்டா என்று இளைஞர்கள் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை, பட்டமும் வாங்கலாம், கவுண்ட்டித் தரத்தில் ஆடவும் செய்யலாம் என்பதுதான் யோசனை. பிறகு இங்கிலாந்தில் வேறு பல்கலைக்கழகங்களிலும் இதே மாதிரி மையங்கள் வந்தன. அங்கே ஆரம்பத்தில் பயின்றவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ். அவர் 2008 டிசம்பரில் சேப்பாக்கத்தில் 123, 108 என்று இரண்டு சதம் அடித்தார், ஞாபகம் இருக்கிறதா? டெண்டுல்கர் 103 அடித்து 387-ஐத் துரத்திய மேட்ச். வாத்தியார் மாதிரியே இடது கைத் தொடக்க ஆட்டக்காரர்! ஃபௌலருடைய பெரிய சாதனை 201 அல்ல, இந்த மையம்தான் என்று நான் நினைக்கிறேன். கேலரி அங்கிள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெயர் வேண்டாம்:

நான் அவரை மைதானத்தில் பார்த்ததில்லை. அண்ணனுக்கு மனச்சோர்வு வந்த வருடத்தில் இணையத்தில் தேடித் தேடிப் படித்தபோது அவருடைய பேட்டிகள் கிடைத்தன. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு அந்த நோய் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. தன் சுயசரிதையில் எழுதினார், கிரிக்கெட் வீரர்களிடம் போய்ப் பேசினார். வீட்டில் ஒன்று முதல் இருபது வரை ஓர் அளவு வைத்திருந்தாராம். பத்து என்றால் நடுநிலை. இன்றைக்கு எத்தனை என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவர் ஓர் எண்ணைச் சொல்வார். விளக்கம் சொல்ல வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் அதை வைத்துக்கொண்டோம். அண்ணன் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில் "எத்தனைண்ணா?" என்று மட்டும் கேட்பேன். "ஆறு" என்பான். சரி, ஆறு என்றால் அன்றைக்கு விருந்தாளி யாரையும் வரவிட மாட்டோம். டாக்டரும் மருந்தும்தான் குணமாக்கியது. ஆனால் பேச வார்த்தை இல்லாத சமயத்தில் அந்த எண் எங்களுக்குப் பெரிய உதவி. அவருக்கு நன்றி சொல்ல எனக்கு இந்த இழைதான் கிடைத்தது.

திருவல்லிக்கேணி கேலரி:

தம்பி, அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியது எதுவும் எனக்குத் தெரியாது.

டர்ஹம் பெண்ணே, ஒத்துக்கொள்கிறேனம்மா.

ரேடியோ சார் கேட்ட சிவா விஷயம். லெக் பிரேக் இடது கைக்காரருக்கு உள்ளே வரும், அது ஃபௌலருக்குச் சாதகம். பந்து எகிறுவதற்குள் முன்காலைப் போட்டுவிடுவார், எதிர்ப்பக்கம் திரும்புகிற கூக்ளி வெளியே போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். அந்த இன்னிங்ஸில் சிவாவுக்கு ஒரே விக்கெட். மூன்றாம் நாள் மேலேயிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.