பேக்கப் டெஸ்ட் பாஸ், ஆனா புது போன்ல ஆப் கிராஷ்... எங்க தப்பு?

கேள்வி:
எங்க ஆண்ட்ராய்டு ஆப்ல பேக்கப் ரீஸ்டோர் டெஸ்ட் பண்ற வேலை என் தலையில விழுந்திருக்கு. லாகின் பண்ணி நாலஞ்சு நோட் எழுதிட்டு அதே போன்ல ஆப்ப திரும்ப இன்ஸ்டால் பண்ணி பாத்தேன், எல்லாம் அப்படியே இருந்துச்சு, பாஸ்னு போட்டுட்டேன். இப்ப கேபிள் போட்டு புது போனுக்கு மாத்தினா ஐகான தொட்டதும் ஸ்க்ரீன் ஒரு தடவ மின்னிட்டு மூடிக்குது. டேட்டாவ கிளியர் பண்ணா திறக்குது, ஆனா நோட் எல்லாம் காலி. டெவலப்பர் கிட்ட கேட்டா எனக்கு நல்லா வருதேங்கறார் 😐

பதில் 1:
மொதல்ல, நீங்க பண்ணது ரீஸ்டோர் டெஸ்ட்டே இல்லீங்க. ஆப் மேலயே ஆப்ப போட்டா அது வெறும் அப்டேட், டேட்டா எடத்த விட்டு நகரவே இல்ல. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போட்டு பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி பேக்கப் நெஜமாவே போயிருக்கணும், தானா நடக்கணும்னா வைஃபை இருக்கணும், போன் சும்மா கெடக்கணும், கடைசி பேக்கப் முடிஞ்சு 24 மணி நேரம் ஆகியிருக்கணும், அவ்ளோ நேரம் யாரு காத்திருப்பா, ஏடிபி ஷெல்ல (கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கமாண்ட் குடுக்கற எடம்) பிஎம்ஜிஆர் பேக்கப்நவ்னு அடிச்சு பேக்கேஜ் பேர குடுங்க. சக்சஸ்னு வரணும். டேட்டா 25 எம்பிய தாண்டினா கிளவுடுக்கு போகாது, அதையும் பாத்துக்கோங்க. அப்புறம் கிராஷ் ஆகறப்ப லாக்கேட்ல, அதாவது போனோட லாக்ல, என்ன வருது?

கேட்டவர்:
அன்இன்ஸ்டால் பண்ணி போட்டேன், நோட் வந்துடுச்சு, லாகின் மட்டும் திரும்ப கேட்டுச்சு, கிராஷ் இல்ல. கேபிள்ல மாத்தினா மட்டும்தான் கிராஷ். லாக்ல ஏஈஏடி பேட் டேக் எக்செப்ஷன்னு இருக்கு.

பதில் 2:
அப்ப கத முடிஞ்சுது, என்க்ரிப்ட் பண்ணி பூட்டினத திறக்க முடியலன்னு அர்த்தம். லாகின் டோக்கன (லாகின் ஆனதுக்கான அடையாளம்) என்க்ரிப்ட் பண்ணி ஒரு ஃபைல்ல வச்சிருப்பாங்க, அத திறக்கற கீ கீஸ்டோர்ல, அதாவது போன்ல சாவிகள பத்திரமா வைக்கற எடத்துல இருக்கு, அது அந்த போன விட்டு வெளிய வராது. புது போனுக்கு பூட்டு வந்துடுச்சு, சாவி வரல. ஆண்ட்ராய்டு 12ல இருந்து டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் ரூல்ஸ் ஃபைல்ல (எந்த டேட்டா போகணும், எது போகக்கூடாதுன்னு சொல்ற ஃபைல்) கிளவுட் பேக்கப்புக்கு ஒரு பகுதி, போன்ல இருந்து போனுக்கு நேரா மாத்தற டிவைஸ் டிரான்ஸ்ஃபருக்கு தனியா ஒரு பகுதி. ரெண்டாவத எழுதாம விட்டா கேஷ், நோ பேக்கப் ஃபோல்டர் தவிர அத்தனையும் போயிடும். உங்க டெவலப்பர் கிளவுட மட்டும் பாத்திருக்கார்னு நெனைக்கிறேன்.

பதில் 3:
மேல சொன்னது சரி. ஆனா ரூல்ஸ மட்டும் மாத்தினா போதாது, ஏற்கனவே போன் மாத்தினவங்க கிட்ட அந்த கெட்ட ஃபைல் உக்காந்திருக்குல்ல, அதனால எக்செப்ஷன பிடிச்சு ஃபைல அழிச்சுட்டு லாகின் ஸ்க்ரீனுக்கு அனுப்பற மாதிரி கோட்லயும் எழுத சொல்லுங்க. நோட்டிஃபிகேஷன் எந்த போனுக்கு போகணும்னு காட்டற டோக்கனையும் பேக்கப்ல இருந்து விலக்கிடுங்க, பழைய போனோட டோக்கன வச்சுகிட்டு புது போன் நோட்டிஃபிகேஷனுக்கு காத்துகிட்டே இருக்கும்.

கேட்டவர்:
ஃபைல திறந்து பாத்தேன், டிவைஸ் டிரான்ஸ்ஃபர் பகுதியே இல்ல. பாஸ்னு போட்டத ஃபெயில்னு மாத்திட்டேன், நாளைக்கு புது போன ரீசெட் பண்ணி மறுபடி கேபிள்ல இருந்து ஆரம்பிக்கணும்.