புதுப்பிப்பு: ஆக்சிஜனை இன்னும் எடுத்தால் காந்தம் கூடுமா?

போன இழையில் லாந்தனம் அலுமினேட், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற இரண்டு ஆக்சைடு படிகங்களைப் பற்றி எழுதியிருந்தேன். தனித்தனியாக இரண்டுமே மின்சாரம் கடத்தாது, காந்தமும் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றை வளர்த்தால் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்கிறது (2004), காந்த அறிகுறியும் தெரிகிறது (2007). படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாமல் போன காலியிடங்கள்தான் இந்தக் காந்தத்துக்குக் காரணம் என்றால் அவற்றைக் கூட்டினால் போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

அவ்வளவு நேராகப் போகாது. ஓர் ஆக்சிஜன் வெளியேறினால் இரண்டு எலக்ட்ரான்கள் மிஞ்சும். அதில் ஒன்று பக்கத்து டைட்டானியத்தில் தங்கினால், துணையில்லாத அந்த எலக்ட்ரானின் தற்சுழற்சி ஒரு குட்டிக் காந்தமாகிறது. தங்கினால் என்பதுதான் முக்கியம். காலியிடங்கள் பெருகி ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டுக்குள் ஆழமாகப் பரவினால், எலக்ட்ரான்கள் தங்காமல் ஓட ஆரம்பிக்கும். கடத்துதிறன் கூடும், காந்தம் கூடாது. 2007 ஆய்விலும் காந்த அறிகுறி வந்தது, ஒப்பீட்டளவில் ஆக்சிஜன் அழுத்தம் அதிகமாக, 10⁻³ மில்லிபார் அளவில் வளர்த்த, அதாவது காலியிடங்கள் குறைவான மாதிரிகளில்தான்.

அப்புறம், 2011-இல் மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்கும் ஸ்குவிட் உணரியால் பரப்பை வருடிப் பார்த்தபோது காந்தம் சீராக இல்லை, திட்டுத்திட்டாக இருந்தது. அதே மாதிரியில் மீக்கடத்தலும் (தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வது) இருந்தது! எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இதுதான்.

காலியிடங்களின் பங்கைச் சோதிக்க, மாதிரியை ஆக்சிஜனில் சூடாக்கி அவற்றை நிரப்புவார்கள். ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது, வளர்ப்பு அழுத்தத்தையும் இந்தச் சூடாக்கலையும் முதலில் தேடுங்கள். அவை தெரியாமல் இரண்டு மாதிரிகளை ஒப்பிட முடியாது.