மைல் கணக்கு: எப்போது எடுக்கலாம், எங்கே இடறும்?

(மைல் என்பது விமான நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குப் பரிசாகத் தருவது; காசுக்குப் பதில் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அதைப் பற்றிப் பலர் பேசிக்கொண்டது இது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வரவுசெலவு

ஒரு மைல் எத்தனை பைசா பெறும் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. குறிப்பிட்ட டிக்கெட்டை வைத்துக் கேட்டால் உண்டு. அந்த டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று பாருங்கள். மைலில் எடுத்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் காசாகத்தான் கட்டியாக வேண்டும், அதைக் கழியுங்கள். மிச்சத்தை மைல் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது.

சென்னை–சிங்கப்பூர் ஒருவழி டிக்கெட் 15,000 ரூபாய், மைலில் என்றால் 20,000 மைலும் 3,000 ரூபாய் வரியும் என்று வைத்துக்கொள்வோம். 12,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 60 பைசா. பொங்கல் வாரத்தில் அதே சீட் 31,000-க்கு விற்கும்போது மைல் எண்ணிக்கை ஏறாமல் கிடைத்தால் மைலுக்கு 1 ரூபாய் 40 பைசா.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் 2 லட்சம், அதை மைலில் எடுத்தேன், ஆகவே மைலுக்கு 2 ரூபாய் கிடைத்தது என்பார்கள். கையில் மைல் இல்லாவிட்டால் அந்த 2 லட்சத்தைக் கொடுத்திருப்பீர்களா? இல்லையென்றால் ஒப்பிட வேண்டியது நீங்கள் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய டிக்கெட்டோடு. அது இண்டிகோ விலையாகக்கூட இருக்கலாம். மைலில் எடுக்கும் டிக்கெட்டுக்குப் பொதுவாகப் புது மைல் சேராது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சாங்கிமூன்று

மேலே சொன்ன வகுத்தலில் கீழே இருக்கும் எண்தான் விமான நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்–லண்டன் ஒருவழி, பிசினஸ் கிளாஸ், குறைந்த மைல் கேட்கும் சேவர் வகை:

2017 மார்ச் 23-க்கு முன்பு, எந்தத் தடத்துக்கு எத்தனை மைல் என்று நிறுவனம் போடும் அட்டவணையில் 80,000 மைல். இணையத்தில் எடுத்தால் 15 சதவீதம் தள்ளுபடி போக 68,000. பிறகு 85,000. 2019 ஏப்ரலில் 92,000. 2022 ஜூலை 5 முதல் 1,03,500. 2025 நவம்பர் 1-ல் மறுபடி ஏற்றம்.

2017-ஐ மட்டும் பார்த்துவிட்டுக் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதே நாளில் தங்கள் சொந்த விமானங்களுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். நீண்ட தூரத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அதன் பிறகு வந்த ஏற்றங்களுக்கு அப்படி எந்த ஈடும் இல்லை. 1,00,000 மைல் வைத்திருந்தவர் 2018-ல் லண்டன் போய் மீதி 15,000 வைத்திருப்பார். தொடாமல் வைத்திருந்தால் 2022 ஜூலையில் அவருக்கு 3,500 குறைகிறது. வங்கிச் சேமிப்பில் நாலு காசாவது வட்டி வரும். இங்கே வட்டி எதிர்த்திசையில் ஓடுகிறது.

ஏற்றம் அறிவித்ததும் செய்ய வேண்டியது: அறிவித்த நாளுக்கும் அமலுக்கு வரும் நாளுக்கும் இடையில் டிக்கெட் கைக்கு வந்துவிட வேண்டும். வெயிட்லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அமலுக்கு வந்த பிறகு வெயிட்லிஸ்ட் நகர்ந்தால் புது எண்ணிக்கைதான் பிடிப்பார்கள். பழைய விலையில் எடுத்த டிக்கெட்டில் பிறகு பாதையையோ வகுப்பையோ மாற்றினாலும் புது அட்டவணைக்குள் போய்விடுவீர்கள்.

2025 மாற்றத்தோடு 'ஆக்சஸ்' என்று புது வகை ஒன்றும் வந்திருக்கிறது. இதற்கு நிலையான எண் கிடையாது. சீட்டின் தேவையைப் பொறுத்து மைல் ஏறும், இறங்கும். சேவர் கிடைக்காதபோது அவசரத்தில் இதை அமுக்கிவிடாமல், மேலே உள்ள வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஜன்னலோரம்

அட்டவணை என்று ஒன்று இருப்பதே இப்போது அபூர்வம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ல் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரம்தான் மைல். பெயரே அங்கிருந்துதான் வந்தது. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-ல், அமெரிக்கன் 2016 ஆகஸ்டில், கொடுத்த காசுக்குத்தான் மைல் என்று மாற்றிக்கொண்டன. செலவழிக்கும் பக்கத்தில் டெல்டா 2015-லேயே அட்டவணையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது; யுனைடெட் 2019 நவம்பரில். அட்டவணை இல்லையென்றால் 'விலை ஏற்றினோம்' என்று அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நேற்று 30,000, இன்று 42,000 என்று திரையில் மாறினால் யாரிடம் போய்க் கேட்பது?

ஏன் இப்படி என்றால், மைல் என்பது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் கடன். விற்ற டிக்கெட்டிலோ, கார்டுக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக வங்கியிடம் விற்ற மைலிலோ வந்த காசில் ஒரு பகுதியை, மைல் செலவாகும்வரை வருமானமாகக் காட்ட முடியாது. செலவாகாமலே காலாவதியாகும் என்று மதிப்பிடும் பங்குக்குத் தனிக் கணக்கு உண்டு. வங்கிகளுக்கு மைல் விற்பதில் வரும் காசு எவ்வளவு பெரியது என்பது 2020-ல் வெளியே தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா ஸ்கைமைல்ஸைக் காட்டி 900 கோடி. அச்சடிப்பவரும் அவரே, விலை வைப்பவரும் அவரே. சீட்டின் எண்ணிக்கை கூடாமல் மைல் மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

தவணைக்காரன்

விமானம் ஏறாமலே மைல் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது: வங்கியின் கிரெடிட் கார்டில் செலவழித்தால் சேரும் பாயின்ட் மைலாக மாறும் விகிதம். அட்டவணை அசையாவிட்டாலும் இங்கே அடி விழும். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு இதற்குப் பாடம்.

2023 ஆகஸ்ட் வரை 200 ரூபாய்க்கு 12 பாயின்ட். மாதம் 1 லட்சம் செலவழித்தால் 6,000, அதோடு மாதப் போனஸ் 25,000. மொத்தம் 31,000. 5 பாயின்டுக்கு 4 மைல் என்ற விகிதத்தில் 24,800 மைல். செப்டம்பர் 1 முதல் மாதப் போனஸ் நின்றது. விகிதம் 5-க்கு 2 ஆனது. அதே 1 லட்சத்துக்கு 2,400 மைல். மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவழிக்கும் பகுதிக்கு 200 ரூபாய்க்கு 35 பாயின்ட் என்று கொடுத்தார்கள். அது வேறு வகை ஆட்களுக்கு. ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பாயின்டும் தப்பவில்லை: ஆகஸ்ட் 31-ல் 24,800 மைலாக மாறியிருக்கக்கூடிய 31,000 பாயின்ட் மறுநாள் 12,400 மைல்தான்.

அப்படியென்றால் கிடைத்ததும் உடனே மைலாக மாற்றிவிடலாமா? அதுவும் வேண்டாம். மாற்றிய மைல் வங்கிக்குத் திரும்பாது. காலாவதிக் கடிகாரமும் அன்றே ஓடத் தொடங்கும். முதலில் சீட் இருக்கிறதா என்று தேடுங்கள், பிறகு மாற்றுங்கள். மாற்றம் போய்ச் சேரச் சில நாள் ஆகலாம், அதற்குள் சீட் போய்விடவும் கூடும். அதனால் ஒரே தேதியை நம்பாமல் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தேதி கையில் இருக்கட்டும். வங்கி விகிதத்தைக் குறைப்பதாக அறிவித்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம்.

ஒய்க்யூ

விமான நிறுவனங்கள் ஒரே கூட்டணி என்பதால் எந்த மைலிலும் எந்த சீட்டும் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஏர் இந்தியா, யுனைடெட், சிங்கப்பூர் மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணிதான். ஆனால் சிங்கப்பூர் தன் நீண்டதூர பிசினஸ், ஃபர்ஸ்ட் சீட்டுகளைக் கூட்டாளிகளுக்குப் பொதுவாகத் திறப்பதில்லை; கிரிஸ்ஃப்ளையர் மைலில்தான் எடுக்க வேண்டும்.

'வரி மட்டும்தான்' என்று போட்டிருந்தாலும் கட்டண விவரத்தைத் திறந்து பாருங்கள். ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறியீடுகளில் வரும் தொகை அரசு வரி அல்ல, நிறுவனம் போடுவது. லண்டன் போன்ற தடங்களில் இது மைலின் மதிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

முன்னெழுத்து

மைல் விலை குறைவதைப் பற்றியே பேசுகிறோம், சேராத மைலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு இது பெயரால் வரும் தொல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட்டில் பெயரை இரண்டு முறை அடித்திருப்பார்கள். மைல் கணக்கில் முன்னெழுத்தோடு இருக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் மைல் தானாக ஏறாது. கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள். டிக்கெட் எடுக்கும்போதும் அதே வரிசை.

ஏறாத மைலைக் கேட்டு வாங்க இரண்டு சான்று வேண்டும்: போர்டிங் பாஸ், 13 இலக்க டிக்கெட் எண். 618-ல் தொடங்கினால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 என்றால் ஏர் இந்தியா. ஆறு எழுத்து முன்பதிவு எண்ணைக் கொடுத்தால் போதாது. கிரிஸ்ஃப்ளையரில் பயணம் முடிந்து 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆகவே மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

நிறுவனங்கள் இணையும்போதும் நிற்கும்போதும் வேறு சிக்கல் வரும். 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோது பாயின்டுகள் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றப்பட்டன. எண்ணிக்கை மாறவில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றால் வாங்கக்கூடியது புது வீட்டுக்காரரின் விலைப்பட்டியலில் இருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்றபோது அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் உடனே அழியவில்லை. அதே ஆண்டு இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. மைல் இருந்தது, ஏறிப் போக ஜெட் இல்லை.

கடைசிச்சீட்டு

ஒரு கேள்வி. கிரிஸ்ஃப்ளையரில் 20,000 மைல் மார்ச் 31-ல் காலாவதி. பயணம் மே மாதம். இப்போது எடுத்தால் செல்லுமா?

சாங்கிமூன்று

செல்லும். டிக்கெட் எடுக்கும் நாள்தான் கணக்கு, பறக்கும் நாள் இல்லை. சீட்டுகள் 355 நாள் முன்பே திறப்பதால் இப்படி ஏறக்குறைய ஓராண்டு இழுக்கலாம். ஆனால் மார்ச் 31-க்குப் பிறகு ரத்து செய்தால் காலாவதியான மைல் திரும்பி வராது. தேதி மாற்றலாம், ரத்து செய்யாதீர்கள். மாதாந்தரத் தள்ளுபடியான ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸில் எடுத்தால் தேதி மாற்றம்கூட இல்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் தரும் அவியோஸ் பாயின்ட் மாதிரி ஏதாவது ஒரு சின்ன வரவைப் போட்டு எல்லா மைலுக்கும் 36 மாதம் நீட்டிக்கும் வழி இங்கே இல்லை. கிரிஸ்ஃப்ளையரில் ஒவ்வொரு மைலுக்கும் அது வந்த மாதத்திலிருந்து 3 ஆண்டு, அவ்வளவுதான்.

பயணமே உறுதியில்லை என்றால் காலாவதிக்கு முன்பே நீட்டிக்கலாம்: 10,000 மைலுக்கு 12 அமெரிக்க டாலர் அல்லது 1,200 மைல், சாதாரண உறுப்பினருக்கு 6 மாதம் கிடைக்கும். உங்கள் 20,000-க்கு 24 டாலர் அல்லது 2,400 மைல். அதாவது மைலுக்கு ஒரு சென்ட், நம் காசில் 85 பைசாவுக்கு மேலே. வரவுசெலவு சொன்ன வகுத்தலில் உங்கள் டிக்கெட்டுக்கு 60 பைசா வந்தால் மைலாகவே கொடுத்துவிடுங்கள். 1 ரூபாய் 40 வந்தால் டாலரில் கட்டுங்கள்.