சோடியமும் உலோகம், இரும்பும் உலோகம் என்றால் எப்படி?

லாஸ்பேட்டை அம்மா:
மகள் 11ஆம் வகுப்பு, நான் படித்தது பி.காம். நேற்று ராத்திரி தனிம வரிசை அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். சோடியத்தைக் கத்தியால் நறுக்கலாம், தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே எரியும், அதையும் உலோகம் என்கிறார்கள், இரும்பையும் உலோகம் என்கிறார்கள், அப்படியென்றால் உலோகம் என்பதற்கு என்னதான் அர்த்தம் என்று. முழித்தேன். அட்டவணையில் இடது பக்கம் இரண்டு பத்தி, நடுவில் பத்து, அடியில் தனியாக இரண்டு நீள வரிசை என்று பிரித்திருப்பதற்கும் காரணம் வேண்டுமாம். யாராவது சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் டியூஷன்:
உலோகம் என்றால் கெட்டியாக இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? தன் வெளி எலக்ட்ரானை இறுக்கிப் பிடிக்காமல் பொதுவில் விட்டுவிடும் தனிமம்தான் உலோகம். அப்படி விட்ட எலக்ட்ரான்கள் கட்டி முழுக்க ஓடுவதால்தான் மின்சாரம் கடக்கிறது, பளபளப்பும் வருகிறது. மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியத்தை எடுத்து வெட்டிப் பாருங்கள் (எங்கள் லேபில் காட்டுவேன், வீட்டில் வேண்டவே வேண்டாம்), வெட்டிய முகம் வெள்ளி மாதிரி மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும்.

ஒவ்வொரு அணுவும் பொதுவில் எத்தனை எலக்ட்ரான் போடுகிறது என்பதில்தான் வித்தியாசம். சோடியம் ஒன்றே ஒன்று போடுகிறது, பிணைப்பு தளர்வு, 98 டிகிரியில் உருகிவிடும். அதே தொகுதியில் (அட்டவணையின் அதே பத்தியில்) கீழே இருக்கும் சீசியம் 28.5 டிகிரியில் உருகும், கடலூர் மே மாத மத்தியானத்தில் குப்பிக்குள் திரவமாகத்தான் நிற்கும். பக்கத்துப் பத்தி மெக்னீசியம் இரண்டு போடுகிறது, 650. நடுவில் இருக்கும் இடைநிலைத் தனிமங்களில் டி என்ற உள் அறையில் இருக்கும் எலக்ட்ரான்களும் கைகோர்ப்பதால் இரும்பு 1538, டங்ஸ்டன் 3422, உலோகங்களிலேயே அதுதான் உச்சம். பத்திக் கணக்கும் இதுதான்: எலக்ட்ரான் தங்கும் அறைகளில் (துணைக்கூடு என்பார்கள்) எஸ்-இல் 2 பேருக்கு இடம், டி-யில் 10, அடியில் கிடக்கும் எஃப்-இல் 14. வசதிக்காகப் போட்ட கோடு இல்லை.

முதுநகர் வெல்டர்:
சார் சொன்னதில் ஒரு சந்தேகம். துறைமுகத்தில் இரும்புப் படகுகளுக்கு அடியில், புரொப்பல்லர் பக்கமாக, ஜிங்க் கட்டி வைத்து போல்ட் போடுவோம். கொஞ்ச நாள் கழித்துப் படகை மேலே ஏற்றினால் கட்டி மட்டும் தேய்ந்த சோப்பு மாதிரி இருக்கும், இரும்பு தப்பித்திருக்கும். ஜிங்க்கும் அந்த நடுப் பத்துக்குள்தானே இருக்கிறது, அது ஏன் இவ்வளவு சாது?

திருப்பாதிரிப்புலியூர் டியூஷன்:
நல்ல கேள்வி தம்பி. ஜிங்க், அதாவது துத்தநாகம், அந்த நடுப் பத்தில் பத்தாவது பத்தி, அதன் டி அறை நிரம்பிவிட்டது. நிரம்பிய அறையிலிருந்து பிணைப்புக்கு யாரும் வெளியே வருவதில்லை, அதனால் 420 டிகிரியிலேயே உருகுகிறது, அதே தொகுதிப் பாதரசம் அறை வெப்பத்திலேயே திரவம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நீலமாக இருக்கிறது, துத்தநாக சல்பேட் வெறும் வெள்ளை, அதற்கும் இதே நிரம்பிய அறைதான் காரணம். அதனால்தான் பலர் அதை இடைநிலைத் தனிமமாகவே சேர்ப்பதில்லை. இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுத்துவிடுவதால் உப்புத் தண்ணீரில் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது.

லாஸ்பேட்டை அம்மா:
சரி, இப்போது எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. மாமியார் கொடுத்த ஈயச் சொம்பில் ரசம் வைத்துவிட்டு போன் பேசப் போனேன், ரசம் சுண்டிப்போய் சொம்பின் அடி உருகி அடுப்புத் தட்டில் கட்டியாக ஒட்டிக்கொண்டது. அது எந்தப் பக்கம்?

திருப்பாதிரிப்புலியூர் டியூஷன்:
வலது பக்கம், 14ஆம் தொகுதி. ஈயச் சொம்பு என்று வாயில் வந்தாலும் அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். ரசம் இருந்தவரை சூடு 100-ஐ ஒட்டியே நின்றது, வற்றியதும் போச்சு. மகளிடம் அந்தத் தொகுதியை மேலிருந்து கீழே படிக்கச் சொல்லுங்கள்: கரி, சிலிக்கன், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். உச்சியில் அலோகம், அடியில் சுத்த உலோகம், நடுவில் இரண்டுங்கெட்டான். கீழே போகப் போக வெளி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து தள்ளிப் போகிறது, பிடி தளர்கிறது. அப்புறம், புதுச் சொம்பு வாங்கினால் காரீயம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள், காரீயம் விஷம்.

முதுநகர் வெல்டர்:
அக்கா, அந்த உருகின கட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெள்ளீயம் விலை இரும்பைவிடப் பல மடங்கு, பழைய பாத்திரக்காரர் இரும்பு விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்.