வட்டுக்கோட்டைத் தேவாலயத்தடியில என்னென்ன பாக்கலாம்?

நல்லூராள்:
வணக்கம். மகள் ஏஎல்லுக்கு வரலாறு படிக்கிறா, வாற லீவுக்க அவவையும் சிநேகிதியளையும் வட்டுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு இருக்கிறன். யாழ்ப்பாணக் கல்லூரியோட இருக்கிற பழைய தேவாலயத்தைப் பாத்தாச் சரியோ, இல்லாட்டி அக்கம்பக்கத்தில வேறயும் இருக்கோ? பிள்ளையளுக்கு என்ன சொல்லிக் குடுக்கலாம்? பஸ்ஸிலதான் போவம்.

பனையடி:
தங்கச்சி, தேவாலயத்தையும் கல்லூரியையும் வேற வேறயாப் பாக்காதேங்கோ, ரெண்டும் ஒரே கதை. போர்த்துக்கேயர் காலத்தில தொடங்கின கோயிலடி அது, 1658 இல யாழ்ப்பாணம் ஒல்லாந்தற்ர கைக்குப் போனாப்பிறகு அவை வைச்சிருந்தவை, 1816 இல அமெரிக்க மிஷன்காரர் வரேக்க கூரையும் இல்லாமல் பாழடைஞ்சு போய்க் கிடந்தது, மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ் எண்ட ரெண்டு பேரும் அங்க வந்திருந்துதான் திருத்தி எடுத்தவை. 1823 இல அதே மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் அங்க செமினரி எண்ட உயர்படிப்புப் பள்ளிக்கூடம் தொடங்கினார். காலேஜாத்தான் கொண்டு வர நினைச்சவை, அப்பத்தைய கவர்மென்ட் சம்மதிக்கேல்லை, அதாலதான் செமினரி எண்ட பேர். ஆனா படிப்பைப் பாருங்கோ, தமிழ் இலக்கியம், சமஸ்கிருதம், இங்கிலீஸ், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் நடந்தது. கொழும்பில பெரிய பதவியில இருந்த எமர்சன் டெனன்ட்டே ஐரோப்பாவில கன யூனிவர்சிட்டியளோட சேத்து வைக்கலாம் எண்டு எழுதினவர். 1857 இல மெட்ராஸ் யூனிவர்சிட்டியின்ர முதல் பிஏ சோதினை பாஸ் பண்ணின ரெண்டு பேரும், கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை, இங்க படிச்ச ஆக்கள்தான்! கலித்தொகையை 1887 இல அச்சில கொண்டு வந்த தாமோதரம்பிள்ளை இவர்தான், மகளிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்கோ. செமினரி 1855 இல மூடுப்பட்டது, அதே இடத்தில யாழ்ப்பாணக் கல்லூரி 1872 இல வந்தது.

சுண்ணாம்புக்கல்:
பனையடி அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் சொல்லுவன் முதல்ல சங்கானையில இறங்குங்கோ எண்டு. அங்கையும் ஒரு பழைய தேவாலயம் கிடக்கு, கூரை இல்லை, சுவர் மட்டும்தான். முருகைக்கல்லால, அதுதான் கடல் பவளப்பாறைக் கல்லால கட்டினது, சாந்து கழண்ட இடத்தில கிட்டப் போய்ப் பாத்தா கல்லில சின்னச் சின்னப் பூ மாதிரி அடையாளம் தெரியும், கடலுக்க உயிரோட இருந்த முருகையின்ர அடையாளம் அது. அதே முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பும் எடுத்தவை, ஆக கல்லும் சாந்தும் ரெண்டும் கடல்தான். இதைப் பாத்திட்டு வட்டுக்கோட்டைக்குப் போனா, மெய்க்ஸ் ஆக்கள் வரேக்க அங்க என்ன கோலத்தில இருந்திருக்கும் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லாமலே விளங்கும். சுவரில ஏற விடாதேங்கோ, பேர் கிறுக்கவும் விடாதேங்கோ, பாக்கவே வயிறெரியுது.

காரைநகர் மருமகள்:
அக்கா, காரைநகர் பஸ் மானிப்பாய், சங்கானையால வாறதில ஏறினா எல்லாம் ஒரே றோட்டில வரும். மானிப்பாயில அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், அவற்ர பேரில ஆஸ்பத்திரி இருக்கு, பஸ்ஸில போகேக்க சொல்லிக்கொண்டு போங்கோ. ஞாயிறு காலமை வேண்டாம், ஆராதனை நடக்கும், அது இப்ப தென்னிந்திய திருச்சபையின்ர பேராலயம், சும்மா பழைய கட்டிடம் இல்லை, சனம் கும்பிடுற இடம். கல்லூரிக்குள்ள போறதெண்டா முதலே கேட்டிட்டுப் போங்கோ, லீவு நாளில கேற் பூட்டியிருக்கும். வெயில் ஏற முதல் சங்கானையை முடிச்சால் நல்லம், சுவருக்குள்ள நிழலே இல்லை.

நல்லூராள்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்ப சனிக்கிழமை வெள்ளனவே வெளிக்கிடுறம், முதல்ல சங்கானை. கல்லூரிக்கு நாளைக்கே கோல் எடுத்துக் கேக்கிறன்.

பனையடி:
நல்லம் தங்கச்சி. கேக்கேக்க டானியல் பூவர் பேரில இருக்கிற லைபிரரியையும் பாக்கலாமோ எண்டு சேத்துக் கேளுங்கோ.