புதுப்பிப்பு: பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்

மூன்று மாதக் குழந்தைக்குச் சளி, பால் குடிக்கவில்லை, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னவர்களுக்கு நன்றி.

பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்று தெரிந்தது; மூச்சுக்குழாய், நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸ். நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைத்துக்கொண்டிருந்தன. வைரஸுக்கு வேலை செய்யாது என்று ஆன்டிபயாடிக் தரவில்லை (அதற்கு நான் சண்டை வேறு போட்டேன், அசடு). மூக்கு வழியாக ஆக்ஸிஜன், குழாயில் பால், அவ்வளவுதான். நாலாவது, ஐந்தாவது நாள்தான் ரொம்ப மோசம். அப்புறம் மெல்லத் தணிந்தது. இருமல் இன்னும் சில வாரம் இழுக்குமாம்.

ஆர்.எஸ்.வி.க்கு நிர்செவிமாப் என்ற ஊசி போடலாமே என்று கேட்டவருக்கு: 2023இல் அமெரிக்காவில் அந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது நோய் வராமல் தடுக்க. வந்தபின் சிகிச்சைக்கு அல்ல.

பள்ளியிலிருந்து பெரியவன் கொண்டுவந்த சளி என்றுதான் சந்தேகம். இப்போது கை கழுவாமல் தங்கச்சியைத் தொட விடுவதில்லை.