பிள்ளை கூட்டும் ஊரில் தற்காலிக வீடு தேடுவது: வளர்ப்புப் பராமரிப்புக் களப்பணி அனுபவங்கள்

சமூகப்பணி மாணவி, காரைக்குடி:

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எனக்குக் களப்பணி வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது ஃபாஸ்டர் கேர் என்கிறோமே, அதில். பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை குழந்தைகள் ஹோமிலேயே விட்டுவிடாமல் இன்னொரு குடும்பத்தில் வளர வைப்பது. இந்த வேலையில் இருப்பவர்கள், இப்படி வளர்ந்தவர்கள், வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர், ஊர், பள்ளி மட்டும் வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015, 74ஆவது பிரிவில் அதற்குத் தடை இருக்கிறது. நானும் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

எந்த வீட்டுப் படி ஏறினாலும், தத்துக் கொடுக்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். செட்டிநாட்டில் அப்படி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. வாரிசு இல்லாத நகரத்தார் வீட்டுக்கு அதே கோயில் பிரிவுப் பங்காளிகளிடமிருந்து பையனைக் கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கவிஞர் கண்ணதாசனும் அப்படிச் சுவீகாரம் போனவர்தான். மற்ற சமூகத்தாரும் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். அதனால் வந்த பிள்ளை இனி நம்ம பிள்ளை, பழைய வீட்டுப் பேச்சு முடிந்தது என்கிற எண்ணம் இங்கே எல்லோருக்குள்ளும் இருக்கிறது.

எங்கள் வேலை அதற்கு நேர் எதிர். சட்டத்தின் 44ஆவது பிரிவுப்படி, குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டால்தான் பிள்ளை அந்த வீட்டுக்குப் போகும். பெற்றவர்கள் அவ்வப்போது வந்து பார்க்கலாம். அது பிள்ளைக்கு நல்லதில்லை என்று குழு நினைத்தால் மட்டும் கூடாது. அவர்கள் தேறிவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் பிள்ளை அவர்களிடமே திரும்பிவிடும். இதைச் சொன்னதும் பல முகங்கள் சுருங்கிவிடும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஆச்சி கேட்டார்: "வளத்து ஆளாக்கித் திருப்பிக் குடுக்கணுமா தாயி? வளக்கிறவ மனசு என்னாகும்?" நியாயமான கேள்வி. இன்னமும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பித்த குடும்பங்களின் வீட்டு ஆய்வுக்கு மேற்பார்வையாளர் மேடத்துடன் போவேன். வருமானம், உடல்நலச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, பிள்ளை படுக்கப்போகிற இடம், பள்ளி எவ்வளவு தூரம் என்று படிவம் நிறையக் கேட்கும். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடலாம். மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும், அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கட்டாயம் பேச வேண்டும். பெரியவர்கள் முன்னால் தலையாட்டுகிற மகள், கொல்லைப்பக்கம் வந்ததும் "என் ரூமைக் குடுக்கணுமாக்கா?" என்பாள். அவளுக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒரு வயதான தம்பதிக்குப் பெரிய வீடு, வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும். பிள்ளைகள் வெளிநாட்டில். "ஒரு பையன் இருந்தா வெளக்கேத்த, கடைக்கிப் போக ஒத்தாசையா இருக்கும்" என்றார்கள். நல்ல மனிதர்கள், தனிமையில் பேசிய பேச்சு அது. ஆனாலும் அந்த வீட்டை மேடம் பரிந்துரைக்கவில்லை. பிள்ளைக்காக வீடு தேடுகிறோம், வீட்டுக்காகப் பிள்ளை தேடவில்லை என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

"பிள்ளை என்ன ஆளுங்க?" என்று கேட்காத வீடு குறைவு. எனக்கு ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் கொதிக்கும். அந்தக் கேள்வி ஒரு தரம் வந்து போகிறதா, எதைப் பேசினாலும் அங்கேயே வந்து நிற்கிறதா என்று கவனிக்கச் சொன்னார் மேடம். அங்கேயே வந்து நிற்கிற வீட்டில் ஒரு பிள்ளை தினமும் சாப்பாட்டுத் தட்டில் அதை உணரும். அந்த வீடு வேண்டாம்.

இனி நான் அதிகம் கற்றுக்கொண்ட பையனைப் பற்றி. ஒன்பது வயது. அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், அம்மா நீண்ட மனநலச் சிகிச்சையில். ஹோமில் இருந்தவனை ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவரின் குடும்பம் ஏற்றுக்கொண்டது. அவர்களுக்குக் கல்லூரியில் படிக்கிற மகள். பையன் அவர்களைப் பெரியப்பா, பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான், அவனாகவே.

வந்த புதிதில் அவன் புத்தகப் பையில் காய்ந்துபோன இட்லி, பணியாரம் எல்லாம் கிடந்தன. பெரியம்மாவுக்கு ஒரே வருத்தம்: "வயிறாரத்தானே போடுறேன், ஏன் திருடி வைக்கிறான்?" பட்டினி கிடந்த பிள்ளைக்கு இன்றைக்குச் சோறு கிடைத்தால் போதாது, நாளைக்கும் உண்டு என்று தெரிய வேண்டும். வகுப்பில் படித்ததுதான், அந்த அடுப்படியில்தான் புரிந்தது. அவர் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் சீடையும் முறுக்கும் போட்டு அவனிடமே கொடுத்துவிட்டார். "இது உன்னுது. தீந்தா சொல்லு, யாரும் கேக்க மாட்டோம்." முதலில் சம்படம் இரண்டு நாளில் காலியானது. அப்புறம் வாரக்கணக்கில் நமத்துப்போய்க் கிடந்தது. அவனைப் பற்றி எழுதிய எந்த அறிக்கையையும்விட அந்த நமத்த முறுக்குதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

கடினமாக இருந்தது அம்மா வந்து பார்த்துப் போன நாட்கள். முதல் தடவை அவர் கிளம்பிப் போன இரவே படுக்கையை நனைத்தான். பள்ளியில் ஒரு பையனைக் கடித்து வைத்தான். பெரியம்மா போன் செய்தார்: "அவங்க வந்துட்டுப் போனாலே பிள்ள ஒடஞ்சு போறான். கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னு சொல்லிருங்கம்மா." கேட்டபோது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மேடம் நேரில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் கேட்டார்: "இவன் வயசுல உங்க மகளை விட்டுட்டு நீங்க ஆஸ்பத்திரியில கெடந்து, ஒரு நாள் வந்து பாத்துட்டுத் திரும்பக் கிளம்பினா, அவ சிரிச்சுக்கிட்டா நின்னுருப்பா?" பெரியம்மா அழுதுவிட்டார். பிள்ளை உடைவது பாசம் அறாமல் இருப்பதால். வருகையை நிறுத்தினால் அழுகை நிற்கும், ஆனால் அம்மா தன்னை மறந்துவிட்டாள் என்று அவன் முடிவு கட்டிக்கொள்வான்.

அதனால் வருகையை நிறுத்தாமல், நடக்கிற விதத்தை மாற்றினோம். தேதியை முன்கூட்டியே காலண்டரில் அவனே வட்டம் போட்டான். பரீட்சை நேரத்தைத் தவிர்த்தோம். அடுத்து எப்போது வருவேன் என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அவர் போனதும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெரியப்பா அவனைச் சைக்கிளில் ஊருணிப் பக்கம் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போவார். நடுவில் ஒரு நாள் போனில் பேச வைத்தோம். அடம் முழுக்க நிற்கவில்லை, ஆனால் அவன் சீக்கிரம் தேறிக்கொள்ள ஆரம்பித்தான்.

தெருவில் யாரோ அவன் அம்மாவைப் 'பைத்தியம்' என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அவன் காதில் விழும்படியே பதில் கொடுத்தார்: "அவளுக்கு ஒடம்பு சரியில்ல. மருந்து சாப்பிடுறா. புள்ளைக்காகத்தான் விடாம சாப்பிடுறா." அதற்குப் பின் எந்த வீட்டுக்கு ஆய்வுக்குப் போனாலும், பிள்ளையிடம் அன்பாக இருப்பீர்களா என்று நான் கேட்பதில்லை. எல்லோரும் ஆமாம் என்றுதானே சொல்வார்கள். அவனைப் பெற்றவளைப் பற்றி அவன் முன்னால் என்ன பேசுவீர்கள் என்று கேட்கிறேன். பதில் யோசித்துத்தான் வரும். அந்த யோசனையில் வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

---

சுவீகாரம் வந்தவர், வயது 70க்கு மேல்:

தங்கச்சி, உன் கடைசி வரிகளைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஏழு வயதில் கூட்டப்பட்டவன். குறை ஒன்றும் இல்லை. என்னைக் கூட்டிய ஆத்தா கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். ஆனால் பெற்ற ஆத்தாளைக் கல்யாண வீட்டில், கோயில் படைப்பில் எல்லாம் பார்ப்பேன். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். கிட்டப் போய்ப் பேசினால் இந்த ஆத்தா மனசு வருந்துமோ என்று பயம். போகாவிட்டால் அந்த ஆத்தா என்ன நினைப்பாரோ என்று பயம். இரண்டு வீட்டிலும் ஒருவரைப் பற்றி ஒருவர் தவறாக ஒரு சொல் சொன்னதில்லை, நல்லதாகவும் சொன்னதில்லை. பேச்சே கிடையாது. 'போய் உன் ஆத்தாளைப் பார்த்துட்டு வாடா' என்று யாராவது சொல்லியிருந்தால் போதும், ஓடியிருப்பேன். சொத்து, உரிமை எல்லாம் எழுத்தில் சரியாக இருந்தது. இதை எழுத்தில் போட முடியாது. உன் பையனுக்கு அமைந்த பெரியம்மா நன்றாக இருக்கட்டும்.

---

வளர்ப்புத் தாய், தேவகோட்டைப் பக்கம்:

நான் ஒரு பெண்பிள்ளையை வளர்த்து, அவள் சொந்த அத்தையிடம் அனுப்பியவள். அந்த ஆச்சி கேட்ட கேள்விக்கு என்னால் ஆனது: மனசு என்னாகுமா? வலிக்கும். அவள் போன பிறகு கொஞ்ச நாள் சாப்பாட்டு நேரத்தில் தட்டை எண்ணி எடுக்கும்போது கை தடுமாறும். ஆனால் வந்தபோது யார் கண்ணையும் பார்க்காத பிள்ளை, போகும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த பிள்ளை அத்தையிடமும் ஒட்டிக்கொள்ளும் என்று பணியாளர் அம்மா சொன்னார், அப்படியே நடந்தது.

ஒன்று செய்தேன், எல்லோருக்கும் சொல்வேன். அவள் எங்களோடு இருந்த காலத்துப் போட்டோ, வரைந்த படம், மார்க் ஷீட் நகல், விழுந்த பல் எல்லாவற்றையும் ஒரு ஆல்பமாக்கிக் கொடுத்தனுப்பினேன். முதல் பக்கத்தில் அவள் அப்பா அம்மா படத்தை வைத்தேன். அத்தையிடம் கேட்டு வாங்கிய படம் அது.

---

ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்:

நான் ஹோமில் சேர்க்கச் சொல்லி வழிகாட்டிய பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் அனாதைப் பிள்ளைகள் இல்லை. அப்பா செத்து, அம்மா கூலி வேலைக்குப் போய், மூன்று வேளை கஞ்சிக்கு வழியில்லாதவர்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறு வழி தெரியாது. இப்போது நிதி ஆதரவுத் திட்டத்தில் பணம் தருகிறார்களாமே, அது உண்மையா?

---

சமூகப்பணி மாணவி, காரைக்குடி:

உண்மைதான் அம்மா. மிஷன் வாத்சல்யா என்கிற அரசுத் திட்டத்தில் தகுதியுள்ள ஒரு குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள்ளும் மற்ற இடங்களில் 96,000க்குள்ளும் இருக்க வேண்டும். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், கடும் நோயில் இருக்கும் பெற்றோர் இவர்களின் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். வறுமை மட்டுமே காரணம் என்றால் பிள்ளையை எங்கேயும் அனுப்ப வேண்டியதே இல்லை. எங்கள் மேடம் கோப்பைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான்: அம்மாவிடமே விட முடியுமா, அடுத்து அம்மாச்சி, சித்தி என்று சொந்தத்தில் யாராவது உண்டா. அதற்கெல்லாம் அப்புறம்தான் வேற்றுக் குடும்பம்.

ஐயா, நீங்கள் எழுதியதை அந்தப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்ட ஆசை. அனுமதி கொடுத்தால் செய்கிறேன்.

---

முதலாண்டு சமூகப்பணி மாணவர்:

அக்கா, களப்பணி முடிந்து கிளம்பும்போது பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள்? எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இன்னொன்று, இரண்டு வருடம் வளர்த்தால் தத்து எடுக்கலாம் என்கிறார்களே?

---

சமூகப்பணி மாணவி, காரைக்குடி:

தம்பி, கடைசி நாளில் போய்ச் சொல்லாதே. இந்தப் பிள்ளைகளை நிறையப் பேர் சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள். நான் போன புதிதிலேயே 'நான் படிக்க வந்திருக்கேன், பரீட்சைக்கு முன்னாடி என் வேலை முடிஞ்சிரும்' என்று சொல்லிவிட்டேன். கடைசி வாரங்களில் ஒவ்வொரு சந்திப்பிலும் நினைவுபடுத்தினேன். அடுத்து வரப்போகிறவரை நானே கூட்டிப்போய் அறிமுகம் செய்தேன். 'திரும்ப வர்றேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே, அவர்கள் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

தத்து பற்றி: 2024இல் திருத்திய வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதலில், ஐந்து ஆண்டு என்று இருந்ததை இரண்டாகக் குறைத்திருக்கிறார்கள். திருமணமாகாதவர்களும் 35 வயதிலிருந்து வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சட்டப்படி தத்துக்கு உரிய பிள்ளையாக இருந்தால்தான் தத்து நடக்கும். அம்மா மருந்து சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைக்கு இல்லை. தத்து வேண்டும் என்கிறவர்கள் நேராக அதற்கே பதிவு செய்வது நல்லது.

வளர்க்க விருப்பம் உள்ளவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை. செட்டிநாட்டின் மேற்கே, வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் வருகிற ஊர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை. ஆபத்தில் இருக்கும் பிள்ளை யாரையாவது பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098.